முதுகில் கண் வைத்த போன்

அந்தப் போனைச் செய்தவனை எங்காவது பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். கண்ணைக் கொண்டுபோய் யாராவது முதுகில் வைப்பார்களா? முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பட்டனே கிடையாது, தொட்டால் போதும் என்று அத்தனை பீற்றல். கேமராவை மட்டும் பின்னால் வைத்துவிட்டான். மலையையும் கடலையும் படம் பிடிக்கிறவர்களுக்கு அது சரி. புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் கிடந்து முகம் பார்த்துப் பேச வேண்டியவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

திரையைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் முகம் எனக்குத் தெரியும். ஆனால் என் முகம் அவருக்குத் தெரியாது. என் எதிரில் இருக்கிற அலமாரிதான் தெரியும். என் முகத்தைக் காட்ட வேண்டுமானால் போனைத் திருப்பி, முதுகை என் பக்கம் பிடிக்க வேண்டும். அப்போது திரை அந்தப் பக்கம் போய்விடும். ஒன்று பார்க்கலாம், இல்லையென்றால் காட்டலாம். இரண்டும் ஒருசேர நடக்காது.

வேலைக்குக் கிளம்பும்போது ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு ஒன்றை அவர் கொண்டுபோனார். விமானத்தில் போகிற தூரம். துறைமுகத்தை ஒட்டிய குளிர்க் கிடங்கில் வேலை. மீனும் கறியும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் இடம். நான் இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறேன். அவர் அங்கே விறைத்துக்கொண்டிருந்தார், நான் இங்கே வெந்துகொண்டிருந்தேன். இரண்டையும் கலந்துவிட்டால் ஒரு நல்ல வீடு கிடைத்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

முதுகில் கண் இருந்ததால் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். முதல் முறை அவருடையது. அவர் முகத்தைக் காட்டுவார், நான் திரையில் பார்ப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, திருப்பு" என்பார். நான் போனைத் திருப்பி என் முகத்தைக் காட்டுவேன். "ஆச்சுங்க" என்றதும் அவர் தன் போனைத் திருப்பி என்னைப் பார்ப்பார். ஆரம்பத்தில், இன்னும் பல பேரோடு ஒரே அறையில் அவர் தங்கியிருந்த காலத்தில், இரண்டு பேரும் குழம்பிப்போய் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்திருக்கிறோம். அவர் என் அலமாரியைப் பார்த்தார். அடுக்குக் கட்டிலில் காய்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவருடைய பனியனை நான் பார்த்தேன்.

"என்னங்க, இளைச்சுப் போயிட்டீங்களே" என்றேன் அந்தப் பனியனிடம். அவர் சிரித்த சிரிப்பில் போனே கீழே விழுந்தது.

பிறகு கிடங்குக்குப் பின்னால் தனி அறை கிடைத்துவிட்டது. எங்களுக்கும் முறை கைவந்துவிட்டது. "திருப்பு" என்றால் திருப்புவேன், "பாரு" என்றால் பார்ப்பேன். நடுவில் ஒரு நொடிகூடப் பிசகாது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தப் போனில் ஒரு நல்ல குணமும் இருந்தது. அழுத்தினால் கேட்கும். விரல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காது. இஸ்திரிப் பெட்டியோடு பழகிப் பழகி என் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குவேன். அந்த விரலுக்கும் அது மதிப்புக் கொடுத்தது. நகத்தால் அழுத்தினாலும் சரி, கொண்டை ஊசியால் அழுத்தினாலும் சரி. அவர் அங்கே கனத்த கையுறையைக் கழற்றாமலே என் அழைப்பை எடுப்பார். கீழே விழுந்தால் மூன்று துண்டாகத் தெறிக்கும். பொறுக்கிச் சேர்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி விழித்துக்கொள்ளும்.

கெட்ட குணத்துக்கும் குறைவில்லை. நாளாக நாளாக அதற்குப் புத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நான் தொடுவது ஒன்று, அது எடுத்துக்கொள்வது இன்னொன்று. அவர் பெயரைத் தொட்டால், பட்டியலில் அதற்கு மேலே இருக்கிற சலவைக்கூட மேற்பார்வையாளருக்குப் போகும். விடுமுறை நாளில் அந்த மனுஷன் "என்னம்மா லீவா?" என்று எத்தனை தடவை அலறியிருக்கிறார்! என் வீட்டுக்காரர் பெயருக்குக் கொஞ்சம் கீழே தொட்டால்தான் அவர் வருவார் என்று கண்டுபிடித்துப் பழகிக்கொண்டேன். நடு நடுவே அப்படியே உறைந்து நிற்கும். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கி, ஊதித் துடைத்துப் போட்டால் பேசும்.

"உன் புருஷனைவிட அதைத்தாண்டி அதிகமாத் தடவிக் கொடுக்கற" என்பாள் கஞ்சியக்கா. சலவைக்கூடத்தில் துணிக்குக் கஞ்சி போடுகிறவள். அவளுடைய நிஜப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

"புருஷன் கைக்கெட்டுனா ஏன்க்கா இதைத் தடவப்போறேன்?" என்பேன். அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். பிறகு டாக்டர்களின் வெள்ளைக் கோட்டை எடுத்துப் பலகையில் விரிப்பேன். காலரில் பெட்டியை ஓட்டும்போது, எத்தனை ஆண்களின் கழுத்துக்கு மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொள்கிறோம், நம் வீட்டுக் காலர் மட்டும் கைக்கு வரவில்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். ஆவி முகத்தில் அடிப்பதால் யாருக்கும் தெரியாது.

அவர் விடுமுறைக்கு வராமல் இல்லை. வந்தால் விருந்தாளி மாதிரி வருவார். தம்ளர் எங்கே இருக்கிறது, விளக்கின் சுவிட்சு எது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எல்லாம் பழகி முடிக்கும்போது கிளம்புகிற நாள் வந்துவிடும்.

என் முறை வரும்போதுதான் நான் அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்பேன். கையில் பிடித்திருப்பது போனின் கறுப்பு முதுகு, அதில் கடுகத்தனை கண். அதற்கும் பின்னால் சாப்பாட்டு மேஜையில் எங்கள் மகள் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பாப்பா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற வயதிலும் அவள் பாப்பாதான்.

"எப்பங்க ஒரேயடியா வருவீங்க?"

"பாக்கலாம்" என்று குரல் வரும்.

நல்ல குரல் அவருக்கு. கொஞ்சம் அடித்தொண்டையில், இழுத்தாற்போல் வரும். அந்த ஒரு சொல்லுக்கு நான் மனதில் எத்தனை முகம் வரைந்திருக்கிறேன்! கண் கலங்கிய முகம், உதட்டைக் கடித்துக்கொண்ட முகம், வர முடியவில்லையே என்று புழுங்கும் முகம். ஒரு வாரத்துக்கு அது போதும். அடுத்த விடுமுறை நாள் மதியம் வரை அதை வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவேன்.

அவர் முறையில் நான் பார்த்ததெல்லாம் அவர் முகமும் அதற்குப் பின்னால் ஒரு சுவரும்தான். காரை பெயர்ந்த சுவர். நடுவில் ஓர் ஆணி. அந்த ஆணியில் ஒன்றும் மாட்டியிருக்காது. பார்க்கும்போதெல்லாம் அழுதுவிடுவேன். மனுஷன் பனியில் வேலை செய்துவிட்டு வந்து இந்த மொட்டைச் சுவரை வெறித்துக்கொண்டு கிடக்கிறாரே என்று.

அதனால் நானும் இங்கே ஒன்றும் செய்துகொள்ளவில்லை. சோபாவில் பஞ்சு வெளியே எட்டிப்பார்த்தது, மாற்றவில்லை. சுவருக்கு வண்ணம் அடிக்கவில்லை. ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று பாப்பா கேட்டபோதெல்லாம் எரிந்து விழுந்தேன்.

"உங்கப்பா அங்க எப்படிக் கெடக்கறாரு பாத்தேல்ல? நமக்கு ஸ்கிரீன் ஒரு கேடா?"

பாப்பா ஏதோ சொல்ல வாயெடுப்பாள். பிறகு "சரிம்மா" என்று போய்விடுவாள். என் மகளுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நான் பூரித்துப்போவேன்.

ஒரு நாள் அந்தப் போன் கைவிரித்துவிட்டது. இந்தப் போனில் இனி முகம் பார்த்துப் பேச முடியாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று திரையில் எழுதிக் காட்டியது. பேட்டரியைப் பிடுங்கிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அது சொன்னதையே சொன்னது. அவருக்கும் அதே கதிதான். கடைசியில் அவர் அங்கே ஒரு புதுப் போன் வாங்கிக்கொண்டு, எங்களுக்கும் ஒன்று வரவழைத்துக் கொடுத்தார்.

புதுசுக்கு முகத்திலேயே ஒரு கண், முதுகிலும் ஒரு கண். பார்க்கலாம், காட்டலாம், இரண்டும் ஒன்றாக நடக்கும். பாப்பா விளக்கிச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அந்தப் பகட்டுக்காரிக்கு என் விரல் பிடிக்கவில்லை. நான் தொட்டால் தொட்டதாகவே அது எடுத்துக்கொள்ளவில்லை.

"அழுத்தாதம்மா. மெதுவாத் தொடு."

"மெதுவாத்தாண்டி தொடறேன். இதுக்கு மேல மெதுவான்னா வேண்டிக்கத்தான் முடியும்."

"உன் விரல் காஞ்சு கெடக்குல்ல, அதான் அதுக்குத் தெரியல."

"இத்தனை வருஷம் இந்த விரல் சம்பாதிச்சது எல்லாருக்கும் தெரியுது. இந்தக் கண்ணாடிக்கு மட்டும் தெரியலையாக்கும்!"

ஆகவே அழைப்பு வந்தால் பாப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துத் தர வேண்டும் என்று ஆனது.

அந்த மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷம். போடாவிட்டால் வீடு. எனக்கு இரவும் பகலும் அதே நினைப்பு. துணியில் பெட்டியை வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்று, ஒரு தலையணை உறையைப் பழுப்பாக்கிவிட்டேன்.

"புதுப் போன்லதான் ரெண்டு பேரும் ஒண்ணாப் பாத்துக்கலாமே" என்றாள் கஞ்சியக்கா. "மூஞ்சிக்கு நேராக் கேளுடி. எப்படி மழுப்பறாருன்னு பாப்போம்."

விடுமுறை நாள் மதியம். தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "பொண்ணு பாக்க வர்றாங்களாம்மா?" அவள் முதுகில் ஒன்று வைத்தேன். போன் அடித்தது. பாப்பா எடுத்தாள்.

அவர் இருந்தார். அதே சுவர், அதே ஆணி. ஆனால் அவர் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எனக்கு வெட்கம் வந்தது, சொன்னால் நம்புவீர்களா? முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நரைச்சிருச்சே உனக்கு" என்றார்.

"உங்களுக்கு மட்டும் கருகருன்னா இருக்கு?"

சிரித்தோம். அவர் சிரிக்கும்போது ஒரு பக்கக் கண் மட்டும் சுருங்கும். நான் சொல்லி அவர் சிரிப்பதை அதே நொடியில் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! இந்த மனுஷன் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் வேண்டும், குறட்டை விட்டுக்கொண்டு, தம்ளர் எங்கே என்று கேட்டுக்கொண்டு. கேட்டுவிட்டேன்.

"ஒப்பந்தம் முடியுதுல்லங்க. கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க."

அவர் முகம் தடுமாறியது. என் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "இரு, இரு. இப்ப என் முறை. நீ என் மூஞ்சியப் பாரு, நான் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே, இத்தனை வருஷப் பழக்கத்தில், கை தானாகப் போனைத் திருப்பிவிட்டது. பழைய போனின் முதுகைப் பார்த்துப் பேசிய மாதிரியே புதுப் போனின் முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இதற்குக் கண் முகத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்.

என் திரையில் அவர் போய்விட்டார். அவர் எதிரில் இருந்த அறை வந்தது.

பெரிய ஜன்னல். அதில் இளமஞ்சள் திரை. கீழே நீல மெத்தை போட்ட சாய்வு நாற்காலி, அதற்குப் பக்கத்தில் குட்டை மேஜை, விளக்கு. ஜன்னல் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னத் தொட்டிகள், எல்லாவற்றிலும் பச்சை. கண்ணாடித் தொட்டி ஒன்றில் இரண்டு மீன். பலகையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். அவ்வளவு பாந்தமான அறையை நான் விளம்பரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"தெரியறேனா?" என்று அவர் குரல் கேட்டது.

"தெரியுதுங்க" என்றேன்.

"கேளு. எனக்கென்ன ஆசையா இங்க கெடக்க? இங்க ஆள் பத்தல, விடமாட்டேங்கறாங்க. ஏதோ பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டறேன். இந்த நாலு சுவத்துக்குள்ள ஒரு மனுஷன் எப்படித்தான் இருப்பான், சொல்லு."

அவர் பேசப் பேச நான் அந்த மஞ்சள் திரையைப் பார்த்தேன். கொசுவம் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நின்றது. ஈரம் காயும் முன்பே பொறுமையாகப் பெட்டி போட்டால்தான் அப்படி நிற்கும். ஆசையோடு செய்கிற வேலை அது.

பொய் சொல்லமாட்டேன், என் கண் முதலில் தேடியது ஒரு வளையலைத்தான், ஒரு சீப்பை, கொடியில் ஒரு துணியை. ஒன்றும் இல்லை. ஒரு தட்டு, ஒரு தம்ளர். ஒருத்தி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். ஒரு நாற்காலியோடு யார் சண்டை போடுவது?

பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளிடம் ஆச்சரியமே இல்லை.

"அது எப்பவும் அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள் என் காதோடு. "நீ பழைய போனைத் திருப்பி மூஞ்சி காட்டுவேல்ல, அப்ப போன் ஸ்கிரீன் என் பக்கம் இருக்கும். அப்பா உன்னைப் பாத்துட்டிருப்பாரு. அவரு எதிர்ல இருக்கறது எனக்குத் தெரியும். முதல்ல நாற்காலி வந்துச்சு. அப்புறம் செடி. மீன் போன வருஷம்."

அடிப்பாவி. வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலுக்குத் திரை கேட்டு என்னிடம் திட்டு வாங்கியபோதெல்லாம் இந்தத் திரை அவள் கண்ணில் இருந்திருக்கிறது. நான் வருத்தப்படக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் அங்கே போன் திரும்பியது. "ஐயையோ, பழக்கதோஷம்! இதுல முன்னாடியேல்ல தெரியும்!" என்று சிரித்தபடி அவர் முகம் வந்தது. வந்த வேகத்தில் சிரிப்பு நின்றது. "ரூம் தெரிஞ்சுதா?"

"திரை நல்லா இருக்கு. யாரு இஸ்திரி போட்டா?"

"நான்தான்." குனிந்துகொண்டார். "தனியா இருக்கறவன்… சாயங்காலம் வந்தா கண்ணுக்கு ஏதாவது வேணும்ல. உன்கிட்ட சொன்னா, நான் இங்க சொகமா இருக்கேன்னு நெனைப்பியோன்னு…"

"சொகமா இருக்கறது தப்பாங்க?"

நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. என் பஞ்சு பிதுங்கிய சோபா, என் மொட்டை ஜன்னல், அந்த ஆணியைப் பார்த்து நான் விட்ட கண்ணீர் எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. கொட்டியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோன பிள்ளை மாதிரி இருந்தது. கோபத்துக்கும் கீழே எனக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த ஆளோடு இருக்க வேண்டும். எங்கே என்பதெல்லாம் அப்புறம். இத்தனை வருஷமும் வந்துடுங்க, வந்துடுங்க என்றே கேட்டிருக்கிறேன். இன்னொரு விதமாகவும் கேட்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் அங்க வந்துடட்டுங்களா?" என்றேன். "பாப்பா ஹாஸ்டலுக்குப் போகப்போறா. இஸ்திரி வேலை எங்கயும் கெடைக்கும். நீலத்துக்குப் பக்கத்துல எனக்கொரு நாற்காலி போட்டாப் போதும்."

 அவர் கண் என்னை விட்டு மேலே போய், அறையைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் தனியாக, சுகமாக உட்கார்ந்திருக்கிறவரிடம் யாராவது போய் "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா" என்று கேட்டால் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை. அதில் வெறுப்பு இல்லை, கோபம் இல்லை. இடம் போகிறதே என்கிற ஏக்கம்தான். ஏக்கம் எனக்குத் தெரியாதா என்ன?

பிறகுதான் குரல் வந்தது.

"வாயேன்" என்றார். "தாராளமா வா."

நல்ல குரல் அவருக்கு. பழைய போனாக இருந்திருந்தால் அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்திருப்பேன்.